டெட் பாஸ் பண்ணா போஸ்டிங் வந்துடுமா? டிஆர்பி வெப்சைட்டும் பிஎஸ்டிஎம் சர்டிபிகேட்டும்

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு சிலபஸ் வீடியோதான் போடறதா இருந்துச்சு. அதைத் தள்ளி வச்சிட்டு இதைப் பேசறேன், ஏன்னா போன வீடியோவுக்குக் கீழ திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "டெட் பாஸ் பண்ணிட்டேன், போஸ்டிங் எப்ப வரும்?" டெட்னா ஆசிரியர் தகுதித் தேர்வு. அதோட வாட்ஸ்அப்ல சுத்தற ஒரு படத்தையும் நிறைய பேர் அனுப்பியிருக்கீங்க. மஞ்சள் கலர்ல சிவப்பு எழுத்து, "ஆசிரியர் வேலை, உடனே விண்ணப்பிக்கவும்". அதுல அறிவிக்கை எண் இல்லை, எந்தப் பதவின்னு இல்லை. இந்த மாதிரிப் படங்களைப் பாத்தாலே எனக்குக் கோபம் வருது. படிக்கிற பிள்ளைங்களோட நேரத்தை வீணாக்குது.

டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்துக்குன்னு ஒரு வெப்சைட் இருக்கு. டிஆர்பி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். பழைய முகவரியில கவ் இருக்கிற இடத்துல நிக்னு இருக்கும். பழைய பிடிஎஃப்கள்ல அதைப் பாத்தா குழம்ப வேண்டாம். கவ் டாட் இன்னு முடியாம டாட் காம், டாட் ஆர்க்னு முடிஞ்சா அது வாரியத்தோடது இல்லை. எந்தப் படம் வந்தாலும் முதல்ல அறிவிக்கை எண்ணைத் தேடுங்க. 2025 டெட்டுக்கு 03/2025ன்னு எண் இருந்துச்சு. அதே எண் வெப்சைட்ல இருந்தா நம்புங்க, இல்லைன்னா டெலீட் பண்ணிடுங்க.

படத்தை நம்பினா என்ன ஆகும்னு 2025லயே பாத்தோம். முதுகலை ஆசிரியர் தேர்வு, 1,996 பணியிடம், முதல்ல செப்டம்பர் 28னு சொன்னாங்க, அப்புறம் அக்டோபர் 12க்கு மாத்தினாங்க. டெட் நவம்பர் 1, 2னு இருந்தது 15, 16 ஆச்சு. மாத்தின தேதி வெப்சைட்ல வந்துடுச்சு. பழைய தேதி போட்ட படம் மட்டும் அதுக்கப்புறமும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. வாரியம் வெளியிடற ஆண்டுத் திட்ட அட்டவணையும் அப்படித்தான், அதுல வர்றது உத்தேசத் தேதி. அதை நம்பிப் படிக்க ஆரம்பிக்கலாம். அதை நம்பி இப்ப பாக்கிற வேலையை விட்டுடாதீங்க.

இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். டெட் தகுதித் தேர்வு மட்டும்தான். 2018 ஜூலை 20 தேதியிட்ட அரசாணை 149 வந்ததுல இருந்து, இடைநிலை ஆசிரியருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் டெட் பாஸ் பண்ணின பிறகு தனியா ஒரு போட்டித் தேர்வு எழுதணும். அதுக்குத் தனி அறிவிக்கை வரும், தனியா விண்ணப்பிக்கணும். நீங்க பேசாம இருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க. நல்ல விஷயம் என்னன்னா, டெட் சான்றிதழ் முன்னாடி ஏழு வருஷம்தான் செல்லும், இப்ப ஆயுள் முழுக்கச் செல்லும். அதனால ஏற்கெனவே பாஸ் ஆனவங்க அடுத்த டெட் எழுதறதை விட்டுட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிங்க.

போட்டித் தேர்வுல நிறைய பேர் சறுக்கற இடம் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள். 30 கேள்வி, 50 மதிப்பெண், குறைஞ்சது 20 எடுக்கணும். எடுக்கலைன்னா உங்க பாடத் தாளைத் திருத்தவே மாட்டாங்க. இயற்பியல்ல நூத்துக்கு மேல எடுக்கற ஆளா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பத்தாம் வகுப்புத் தரம்தான், தினம் அரை மணி நேரம் ஒதுக்கினாப் போதும். ஒதுக்காமப் போகக் கூடாது. முதுகலைத் தேர்வுல பாடத்துக்கு 110 கேள்வி, கல்வி உளவியல் சேர்ந்த கல்வியியல் 30, பொது அறிவு 10. இதெல்லாம் அறிவிக்கை பிடிஎஃப்லயே இருக்கு. பாடத்திட்டத்தையும் அதே வெப்சைட்ல இருந்து எடுங்க, கோச்சிங் சென்டர் அச்சடிச்சுக் கொடுக்கிறதுல இருந்து வேண்டாம்.

இப்ப பிஎஸ்டிஎம். தமிழ் வழியில் படிச்சதுக்கான சான்று. இதை மட்டும் நிறைய நேரம் பேசப் போறேன், நம்ம சேனல் ஆளுங்களுக்கு இது என் பழக்கம்னு தெரியும். இது இருந்தா வேலை நியமனத்துல 20 சதவீத முன்னுரிமை. அதுவும் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளயும் 20 சதவீதம். கட் ஆஃப் கிட்ட நிக்கிறவங்களுக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு முடிவு பண்ற இடமே அதுதான். சட்டம் 2010ல வந்துச்சு, 2020ல திருத்தினாங்க. திருத்தத்துக்கு அப்புறம், பட்டப்படிப்பு தமிழ்ல படிச்சா மட்டும் போதாது, ஒண்ணாம் வகுப்புல இருந்து அந்தப் பதவிக்குக் கேட்கிற கல்வித் தகுதி வரைக்கும் முழுக்கத் தமிழ் வழியில படிச்சிருக்கணும்.

அப்ப ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு எத்தனை சான்று வேணும்னு எண்ணிப் பாருங்க. தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, கல்லூரி, பி.எட். கல்லூரி. படிச்ச நிறுவனம் ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு. நடுவுல ஆறாம் வகுப்புல பள்ளி மாறியிருந்தா அதுக்கு ஒண்ணு கூடும். அறிவிக்கையோட கொடுக்கிற படிவத்துலதான் வாங்கணும், லெட்டர் பேடுல எழுதி வாங்கிட்டு வந்தா ஏத்துக்கறது சந்தேகம். எத்தனாம் வகுப்புல இருந்து எத்தனாம் வகுப்பு வரைக்கும், எந்தக் கல்வியாண்டுன்னு நிரப்பியிருக்கணும். தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை, தேதி மூணும் இருக்கணும்.

எங்க தப்பாகுதுன்னு கேட்டா, வருஷத்துல. ஒரு சான்று 2004ல முடியும், அடுத்த சான்று 2005ல ஆரம்பிக்கும், நடுவுல ஒரு வருஷம் காணாமப் போயிருக்கும். சரிபார்ப்புக்குப் போன இடத்துல அந்த ஒரு வருஷத்துக்கு விளக்கம் கேட்டா அன்னைக்கு எங்க ஓடுவீங்க? அதனால எல்லாச் சான்றையும் வரிசையா மேஜை மேல அடுக்கி, முதல் சான்று முடியிற கல்வியாண்டும் அடுத்தது ஆரம்பிக்கிற கல்வியாண்டும் ஒட்டுதான்னு பாருங்க. மாற்றுச் சான்றிதழோடயும் ஒப்பிடுங்க. பேரும் அப்படித்தான். இனிஷியல் முன்னாடி ஒண்ணுல, பின்னாடி ஒண்ணுல, ஒரு சான்றுல எழுத்து விட்டுப் போயிருக்கு, இதெல்லாம் வாங்கின அன்னைக்கே அலுவலகத்துல நின்னு திருத்தி வாங்கிடுங்க. படிச்ச பள்ளி மூடிட்டாங்கன்னா, பதிவேடு எங்க போச்சுன்னு வட்டாரக் கல்வி அலுவலகத்துல முதல்ல கேளுங்க. பள்ளிப் படிப்புக்கான சான்றுக்கு இ-சேவை வழியாவும் விண்ணப்பிக்கலாம், அதுலயும் பள்ளி சரிபார்த்துத்தான் தரும், ஒரே நாள்ல வந்துடாது.

இதை அறிவிக்கை வந்த பிறகு ஆரம்பிக்காதீங்க. 2025 டெட் அறிவிக்கை ஆகஸ்ட் 11ல வந்து, கடைசி நாள் செப்டம்பர் 8னு போட்டாங்க. முதுகலைக்கு ஜூலை 10ல இருந்து ஆகஸ்ட் 12 வரைக்கும். ஒரு மாசம்தான். அஞ்சு நிறுவனத்துல அஞ்சு கையெழுத்து வாங்க அது பத்தாது, அதுவும் பள்ளி விடுமுறை நடுவுல வந்துட்டா கேட்கவே வேண்டாம்.

அய்யய்யோ, சாதிச் சான்றை விட்டுட்டேன். கல்யாணம் ஆன பெண்கள் கவனமாக் கேளுங்க. சாதிச் சான்று அப்பா பேர்லதான் இருக்கணும். கணவர் பேர் போட்டு வாங்கினது செல்லாது.

விண்ணப்பத்துல ரெண்டு மூணு விஷயம். உங்க சொந்த மெயில், சொந்த நம்பர் கொடுங்க. பிரவுசிங் சென்டர் அண்ணன் மெயில் கொடுத்தா அப்புறம் ஹால் டிக்கெட், கடிதம் எல்லாம் அவருக்குத்தான் போகும். போட்டோவுக்கும் கையெழுத்துக்கும் கேபி அளவு போட்டிருப்பாங்க, மேல் எல்லை மாதிரியே கீழ் எல்லையும் உண்டு. ரொம்பச் சுருக்கினாலும் ஏறாது. 2025ல கட்டணம் 600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 300. பணம் கட்டினதும் முடிஞ்சுதுன்னு எழுந்துடாதீங்க, முழுசா நிரப்பின விண்ணப்பத்தை பிடிஎஃப்பா இறக்கி, அதுல பாடம், பிரிவு, பிஎஸ்டிஎம் "ஆம்"னு இருக்கான்னு ஒவ்வொரு வரியாப் படிங்க. சான்று அஞ்சும் கையில இருந்தும் அந்த இடத்துல "இல்லை"ன்னு விட்டிருந்தா, அத்தனை அலைச்சலும் வீண்.

அந்த வெப்சைட்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும். எந்த கைடும் அதுக்கு ஈடு இல்லை. தேர்வு முடிஞ்சதும் முதல்ல வர்றது தற்காலிக விடைக்குறிப்பு. தப்புன்னு தோணினா கொடுத்த நாளுக்குள்ள ஆன்லைன்லயே ஆட்சேபணை போடணும், ஆதாரத்தோட. பாடநூல், தரமான நூல்கள்தான் ஆதாரம், கைடு பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டா எடுத்துக்க மாட்டாங்க. தபால்ல அனுப்பறதும் கணக்குல வராது.

ஏற்கெனவே பள்ளியில வேலை பாக்கிறவங்க கேட்டிருந்தீங்க. 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும். அதுக்குத் தனி வீடியோ போடறேன், சிலபஸ் வீடியோவுக்கு அடுத்து. அதுக்குள்ள தொடக்கப் பள்ளிக்குப் போய் முதல் சான்றுக்கு விண்ணப்பம் கொடுத்துடுங்க. பழைய அட்மிஷன் பதிவேட்டைத் தேடி எடுக்கத்தான் அதிக நாள் ஆகும்.