எங்கள் பாத்ரூமில் டீச்சரும் நான்கு குட்டிகளும்: பத்தாம் நாள்

வணக்கம். கொஞ்சம் மெதுவாகத்தான் பேசப்போகிறேன், ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பக்கெட் தெரிகிறதா, அதற்குப் பக்கத்தில் மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் ஐந்து பேர் தூங்குகிறார்கள், ஒரு தாய்ப் பூனையும் அதன் நான்கு குட்டிகளும். இது எங்கள் வீட்டு இரண்டாவது பாத்ரூம். பத்து நாளாக நாங்கள் நான்கு பேரும் காலையில் ஒரே பாத்ரூம் வாசலில் வரிசையில் நிற்கிறோம், என் மாமியார் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாய்க்கு டீச்சர் என்று பெயர் வைத்தோம். அந்த முறைப்பைப் பார்த்தால் காரணம் உங்களுக்கே புரியும். குட்டிகளுக்கு அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்தோம்: மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு. வெந்தயம் ஆரஞ்சு நிறம். ஆரஞ்சுப் பூனைகளில் ஐந்தில் நான்கு ஆண்தான், அந்த நம்பிக்கையில் அவனை 'அவன்' என்கிறேன். மற்றபடி இந்த வயதில் வாலைத் தூக்கிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சென்னையில் ஐப்பசி மழையில் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிவிட்டது. மூடிவைத்த ஸ்கூட்டர் கவருக்குள் டீச்சர் அன்றுதான் குட்டி போட்டிருந்தாள். தன்னார்வலர்கள் வாட்ஸாப்பில் "இன்றைக்கு ராத்திரிக்கே இடம் வேண்டும்" என்று போட்டார்கள், நான் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். ஃபாஸ்டர் என்றால், அதாவது நிரந்தர வீடு கிடைக்கும் வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால், ஏற்பாடு எளிது: சாப்பாட்டுச் செலவும் டாக்டர் செலவும் அவர்களுடையது, இடமும் நேரமும் என்னுடையது. குட்டிகள் பால் மறந்து, தடுப்பூசி போட்டு, வீடு கிடைத்துப் போகும் வரைக்கும். எப்படியும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

அப்புறம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதைப் பேசத்தான் இந்த வீடியோவே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் மூன்று குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. கண் திறக்கவில்லை. ஐயோ பாவம், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நானே முடிவுசெய்து துப்பட்டாவில் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். மறுநாள் வாட்ச்மேன் அண்ணன் சொன்னார், "நேத்து ராத்திரி பூரா ஒரு பூனை அந்த மூட்டைகிட்டயே சுத்திச் சுத்தி வந்துச்சும்மா." குட்டி போட்ட பூனை மாதிரி என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம். அது இரை தேடத்தான் போயிருக்கிறது. குட்டிகளோடு திரும்ப ஓடினேன், மாலை வரை உட்கார்ந்து பார்த்தேன், வரவே இல்லை.

அப்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் கொடுத்தேன், அது செரிக்காமல் வயிற்றுப்போக்கு. கைக்குழந்தைபோல மல்லாத்தி வைத்துக் கொடுத்தேன், பால் நுரையீரலுக்குப் போய்விட்டது. ஒரு குட்டி மூன்றாம் நாள் விடியற்காலையில் என் கையிலேயே போனது. டாக்டர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. குட்டி சில்லென்று இருந்தால் வயிறு வேலை செய்யாது, முதலில் சூடு, பிறகுதான் பால் என்றார். குப்புற வைத்துக் கொடுக்க வேண்டும், பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடர்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நடுராத்திரியும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மூத்திரம்கூட வராது. தாய் இதையெல்லாம் நாக்கால் செய்துவிட்டுப் போகிறாள்!

அதனால் குட்டிகள் மட்டும் தனியாகக் கிடந்தால், ஆபத்தான இடமாக இல்லாத பட்சத்தில், தூக்காதீர்கள். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். வயிறு நிறைந்து தூங்குகின்றன என்றால் தாய் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள். நிற்க நேரமில்லையா, சுற்றி அரிசி மாவைத் தூவிவிட்டுப் போங்கள், வந்து போனால் கால் தடம் இருக்கும். குட்டிகளை எடுத்தே ஆக வேண்டும் என்றால் தாயையும் சேர்த்துப் பிடிக்கப் பாருங்கள்.

தாய் இருந்தால் நம் வேலை என்ன தெரியுமா? எடை பார்ப்பது, கூட்டிப் பெருக்குவது, தொந்தரவு செய்யாமல் இருப்பது. இதோ சமையலறைத் தராசு. எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து பூஜ்யமாக்குகிறேன். பிறக்கும்போது 100 கிராம் சுமாருக்கு இருக்கும், தினமும் 10, 15 கிராம் ஏற வேண்டும். மிளகு 221. சீரகம் 214. வெந்தயம் 236, சாப்பாட்டு ராமன். கடுகு... 158. நேற்றும் 158. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொழுகொழு மூன்றையும் பத்து நிமிஷம் தனியாகத் துணியில் வைத்துவிட்டு கடுகை மட்டும் டீச்சரிடம் விடுகிறேன். மாலையும் ஏறவில்லை என்றால் பவுடர் பால், கூடவே டாக்டர்.

பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் பழைய காட்டன் புடவையில் சுற்றிய சுடுதண்ணீர் பாட்டில், சூடு அதிகமானால் நகர்ந்து போக மறுபாதி. டீச்சர் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு சாப்பிடுகிறாள், குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீனி அவள் தட்டில் எப்போதும் இருக்கும், மாலையில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி. ஜன்னலில் வலை அடித்திருக்கிறேன், ஏனென்றால் பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடும், வெளியே ஒரு கடுவன் இப்போதே காவல் நிற்கிறது. பால் மறந்ததும் இவளுக்குக் கருத்தடை.

முதல் நாள் மாமியார் சுத்தமாக இருக்கட்டும் என்று தரையில் பினாயில் ஊற்றிவிட்டார். நல்லவேளை, இவர்களை உள்ளே விடுவதற்கு முன்பே எனக்கு வாடை வந்தது. பினாயில் பூனைக்கு விஷம், பாதத்தை நக்கினாலே போதும். மூன்று முறை சோப்புத் தண்ணீரால் கழுவினேன், அன்றிலிருந்துதான் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து வந்தால் அவர் இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இது ஏன்டி இத்துனூண்டு இருக்கு" என்று கடுகைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூனை குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்று எங்கள் பாட்டி சொல்வார். டீச்சர் இதுவரை இரண்டு முடித்திருக்கிறாள், பக்கெட்டுக்குப் பின்னால், அப்புறம் இந்தப் பெட்டி. இருங்கள், இருங்கள், எழுந்துவிட்டாள்... கேமராவைத் திருப்புகிறேன். கடுகைக் கழுத்தில் கவ்விக்கொண்டு... கதவை யார் திறந்து வைத்தது? அம்மா, உங்கள் ரூமுக்குத்தான் வருகிறாள், பீரோ கதவைச் சாத்துங்கள்!