டோபமைன் பட்டால் நீலமாகும் தங்கம்

[காட்சி: பித்தளைத் தட்டில் மஞ்சள் நீர். துளி சுண்ணாம்பு விழுகிறது. நீர் சிவக்கிறது.]

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் ஆயா ஆரத்தி கரைக்கும்போது கண் கொட்டாமல் பார்ப்பேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும். பார்க்க மந்திரம், உண்மையில் வேதியியல் சோதனை. அமிலத்துக்கு எதிரான காரம் சேர்ந்துவிட்டது என்று மஞ்சள் சொல்கிறது.

மூளை நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் டோபமைனைக் கண்டுபிடிக்கவும் இப்படி ஒரு நிறச் சோதனை உண்டு. மஞ்சளுக்குப் பதில் தங்கம்.

[காட்சி: சோதனைக் குழாயில் செந்நிறத் திரவம்.]

1886-இல் தங்கம் கிடைத்ததால்தான் ஜோகன்னஸ்பர்க் என்ற ஊரே உருவானது. அந்தத் தங்கம் மஞ்சள். அதையே 13 நானோமீட்டர் துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் சிவப்பு! ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படி ஆயிரக்கணக்கான துகள்களை வரிசையாக வைக்கலாம். துகளிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் சேர்ந்து ஊசலாடி, பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே இந்தச் செந்நிறத் தங்கத்தை ஆராய்ந்தார். மருந்துக்கடைக் கர்ப்பச் சோதனைப் பட்டையில் விழும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இதே சரக்குதான்.

சரி, நீலம் எப்படி வருகிறது?

[காட்சி: தைப்பூசக் காவடி ஊர்வலம், மேலிருந்து.]

காவடி தூக்கியவர்கள் ஒட்டி நடக்க முடியாது, வளைவுகள் இடிக்கும். கோயிலில் காவடியை இறக்கியதும் கூட்டம் நெருங்கிவிடும். தங்கத் துகளின் காவடி, அதன் மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட், அதாவது எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் பொருள். அதன் எதிர்மின்னூட்டம் துகள்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது. டோபமைன் மூலக்கூறு வந்து துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டால் அந்த விலக்கம் குறைகிறது. துகள்கள் கூடுகின்றன. கூடியதும் அவை விழுங்கும் ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. திரவம் ஊதாவாகி, பிறகு நீலமாகிறது. ஆரத்தியில் மஞ்சளின் மூலக்கூறே மாறுகிறது. இங்கே தங்கம் தங்கமாகவே இருக்கிறது, மாறுவது இடைவெளி மட்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் நிறத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெறும் உப்பைப் போட்டாலும் நீலமாகும்! இந்தச் சோதனையைச் செய்யப் பார்ப்பது சிறுநீரில். அதிலோ உப்புக்குப் பஞ்சமில்லை. அதனால் டோபமைனை மட்டும் பிடிக்கும் மூலக்கூறுகளைத் துகளின் மேல் பூசிப் பார்க்கிறார்கள்.

[காட்சி: மூளை, சிறுநீரகம், இடையே ஒரு சுவர்.]

இன்னொன்று. பார்க்கின்சன் நோயில் மூளையின் டோபமைன் செல்கள் அழிகின்றன. "அப்போ சிறுநீரை வைத்தே கண்டுபிடிக்கலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பை டோபமைன் தாண்டாது. சிறுநீரில் இருப்பது பெரும்பாலும் சிறுநீரகமே தயாரித்தது.

அப்புறம் எதற்கு இந்தச் சோதனை? சிறு குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில், டோபமைனும் அது சிதைந்து உண்டாகும் பொருள்களும் சிறுநீரில் பலமடங்கு கூடலாம். இன்று அதை அளக்கப் பெரிய ஆய்வகக் கருவி வேண்டும். அந்த இடத்துக்குத்தான் இந்தச் சிவப்புக் குழாயைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

[காட்சி: குழாயில் ஒரு துளி. சிவப்பு மெல்ல ஊதாவாகிறது.]