துறைமுகம் எங்கே முடிகிறது?

(பினாங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் அன்பான வணக்கம்.

துறைமுகம் என்றதும் உங்களுக்குக் கப்பல் நினைவுக்கு வரும். எனக்கு வெங்காயம்தான் நினைவுக்கு வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பாகானில், அதாவது பட்டர்வொர்த்தில், ஃபார்வர்டிங் வேலை பார்த்தவன் நான்; வந்த சரக்கைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கடைக்கு அனுப்பி வைக்கிற வேலை. ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஊரிலிருந்து ஒரு கொள்கலன் நிறைய சின்ன வெங்காயம் வந்தது. கப்பல் சொன்ன நாளில் வந்து கட்டியது. கிரேன் சில நிமிடங்களில் அதை இறக்கி வைத்தது. ஆனால் பத்திரத்தில் கொள்கலன் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதைத் திருத்துவதற்குள் வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டது. திங்கட்கிழமை கஸ்டம்ஸ் விடுவித்தது. லோரி கிடைத்தது, கொள்கலனை ஏற்றிப் பின்னால் இழுக்கிற சேசி கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைவாசலில் கதவைத் திறந்தோம். அடி மூட்டைகளிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. மேல் மூட்டைகளில் பச்சை முளை சாக்கைத் துளைத்துக்கொண்டு நின்றது. கடைக்கார அண்ணன் ஒரு வெங்காயத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். அது அப்படியே உள்ளே போனது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

ஒரு வாரத்துக்கு மேல் கடலில் தாங்கிய சரக்கு, கடைக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் அழுகியது. கப்பல் கட்டும் இடத்தோடு துறைமுகம் முடிந்துவிடுவதில்லை, கடையின் கதவு வரைக்கும் அது நீள்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நம் ஆட்களுக்கு இது புதிய சங்கதியும் இல்லை. 1786இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இங்கே கால் வைத்த பிறகு நெடுங்காலம், பெரிய கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தொங்காங்கில் சரக்கை மாற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் படகிலும் கரையிலும் மூட்டை தூக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். ராணித் தெரு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் போக்குவரத்து இணைப்பு என்றால் ஒரு மனிதனின் தோள்தான்.

1956ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஜனவரி 1ஆம் தேதி பினாங்குத் துறைமுக ஆணையம் அமைந்தது. அதே வருடம் ஏப்ரல் 26ஆம் தேதி, அமெரிக்காவில் நியூவார்க்கிலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கொள்கலன்களோடு புறப்பட்டது. தோள் சுமந்த வேலை அன்றைக்கே முடிய ஆரம்பித்துவிட்டது. பெட்டியை யாரும் தூக்க முடியாது. அதற்கு கிரேன் வேண்டும், அடுக்கி வைக்கப் பரந்த இடம் வேண்டும், இழுத்துப்போகச் சாலையும் தண்டவாளமும் வேண்டும். பினாங்குத் தீவில் அந்த இடம் இல்லை. சரக்கு அக்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் போனது. தீவின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன.

தொழிற்சாலைகள் மட்டும் தீவில் இருந்துவிட்டன. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. கணினிச் சிப்பு போன்ற இலகுவான, விலை கூடிய பொருள்கள் விமானத்தில் போய்விடும். கனமான சாமான்கள் பாலம் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 1985இல் முதல் பாலம், 2014இல் 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலம். பாலத்தில் ஒரு விபத்து நடந்தால் அன்றைக்குக் கப்பலைத் தவறவிடும் பெட்டிகள் உண்டு.

அப்புறம் ரயில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்து தண்டவாளமும் நம் மலேசிய ரயில்வேயான கே.டி.எம். தண்டவாளமும் ஒரே அகலம், ஒரு மீட்டர். அதனால் தென் தாய்லாந்துச் சரக்கு பாடாங் பெசார் எல்லை வழியாகப் பட்டர்வொர்த்துக்கு ரயிலிலேயே வரலாம். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை போட்டார்கள், மின்சாரமும் கொடுத்தார்கள். முப்பது வண்டி கோத்த ஒரு ரயிலில், வண்டிக்கு இரண்டு இருபதடிப் பெட்டி என்று வைத்தால் அறுபது பெட்டி. அத்தனையையும் லோரியில் ஏற்றினால் நம் சாலை என்ன ஆகும்?

கிழக்குக் கரைக்குப் போடுகிற ஈ.சி.ஆர்.எல். பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். கே.டி.எம். வண்டி அதில் ஓடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெட்டியைத் தூக்கி மாற்ற வேண்டும். அங்கே நல்ல முனையம் இல்லையென்றால் என் வெங்காயக் கதைதான் திரும்ப நடக்கும்.

கிள்ளான் துறைமுகம் 2023இல் 1 கோடியே 40 லட்சம் பெட்டிக்கு மேல், இருபதடிக் கணக்கில், கையாண்டது. பினாங்கில் நாம் சுமார் அதில் பத்தில் ஒரு பங்கு. அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வடக்கு மாநிலங்களின் வாசல் நாம். அந்த வாசலில் சரக்கு தேங்காமல் போகிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. லோரி ஓட்டுகிறவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். வரிசையில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். சரக்குக்கு ஐஸ் பெட்டி உண்டு, அதற்கு மின்சார பிளக் உண்டு. ஓட்டுநருக்கு ஒரு குளியலறையும் நிழலான நிறுத்துமிடமும் கட்ட வேண்டாமா? கிடங்குத் திட்டம் போடும்போது அதையும் வரைபடத்தில் சேருங்கள் என்று போகிற இடத்திலெல்லாம் கேட்கிறேன்.

சரி, தம்பி தங்கைகளே, கையில் இருக்கும் தாளை எடுங்கள். கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க வைத்தது. எழுத்துகளுக்கு உரிய எண்களைத் தாளின் மேலே கொடுத்திருக்கிறேன். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று இரட்டித்துப் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுங்கள். மிச்சம்தான் கடைசி இலக்கம், 10 வந்தால் 0. அன்றைக்கு இந்தக் கணக்கை நான் ஒரு தடவை போட்டிருந்தால் பிழை முதல் நாளே பிடிபட்டிருக்கும். பலகையில் ஐந்து எண்கள் எழுதியிருக்கிறேன், ஒன்று தப்பு. கண்டுபிடித்தவர்கள் கை தூக்குங்கள்.