சட்டம் பிரசல்ஸில், சில்லு வாஷிங்டனில்

அவையோருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் நடக்கும் பூசலை நம் செய்தித்தாள்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன: அமெரிக்கா கண்டுபிடிக்கிறது, ஐரோப்பா சட்டம் போடுகிறது. இது பாதி உண்மைதான். எந்தக் குழாயின் திருகு யார் கையில் இருக்கிறது என்பதே அந்தப் பூசலின் அடிக்கணக்கு. அதைத்தான் இன்று கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

ஐரோப்பாவின் கையில் இருக்கும் திருகு சட்டம். 2021 ஏப்ரலில் முன்வைக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மொத்தமாக அல்ல, தவணைகளாக. முற்றிலும் தடைசெய்யப்பட்ட பயன்பாடுகளுக்கான விதிகள் 2025 பிப்ரவரி 2 முதல். சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் பொதுப்பயன் மாதிரிகளுக்கான கடமைகள் 2025 ஆகஸ்ட் 2 முதல். தடையை மீறினால் 3.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு, இரண்டில் எது பெரிதோ அது அபராதம். 'உலகளாவிய' என்ற சொல்தான் கலிபோர்னியாவில் உறுத்துகிறது. ஐரோப்பாவில் சம்பாதித்ததற்கு மட்டுமல்ல, எல்லா இடத்திலும் சம்பாதித்ததற்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு மாதிரி எவ்வளவு பெரிதானால் ஆபத்தானது? இதற்கு இரு கரைகளும் ஒரே அளவுகோலை எடுத்து, வேறு வேறு இடத்தில் கோடு போட்டன. மாதிரியைப் பயிற்றுவிக்கக் கணினிகள் செய்யும் கணக்கீடுகளின் மொத்த எண்ணிக்கைதான் அந்த அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸின் கோடு 1-க்குப் பின் 25 சுழியங்கள். அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் 2023 அக்டோபர் 30 அன்று பிறப்பித்த ஆணையின் கோடு 26 சுழியங்கள், அதாவது பத்து மடங்கு மேலே. இடைப்பட்ட மாதிரிகள் ஒரு கரையில் கண்காணிப்புக்கு உட்படும், மறுகரையில் தப்பிவிடும். பிறகு அந்த ஆணையும் போயிற்று. டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதை ரத்து செய்தார்.

இதை வைத்து அமெரிக்காவில் கட்டுப்பாடே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாநிலங்கள் சட்டமியற்றுவதைப் பத்தாண்டுகளுக்குத் தடுக்க ஒரு முயற்சி நடந்தது. 2025 ஜூலை 1 அன்று செனட் அதை 99-க்கு 1 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா தனக்கென ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஆகவே வாஷிங்டனோடு பேசிமுடித்தால் அமெரிக்காவோடு பேசிமுடித்ததாகாது. இதை ஐரோப்பியர்கள் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள்.

பேசிப் பார்க்காமலும் இல்லை. 2021 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் வணிக-தொழில்நுட்பக் கவுன்சில் என்று ஒன்று கூடியது. ஆறு கூட்டங்கள். கடைசியாக 2024 ஏப்ரலில் பெல்ஜியத்தின் லூவன் நகரில். செயற்கை நுண்ணறிவில் அதன் கண்கூடான விளைச்சல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு கலைச்சொல் பட்டியல். ஏன் அவ்வளவோடு நின்றது? மேசையில் உட்கார்ந்தவர்கள் அமைச்சர்களும் ஆணையர்களும். சட்டத்தை எழுதும் ஐரோப்பிய நாடாளுமன்றமோ அமெரிக்கக் காங்கிரஸோ அங்கே இல்லை. ஒருவரையும் கட்டுப்படுத்தாத உடன்பாடு ஆட்சி மாறியதும் உதிர்ந்துவிடும். 2025 பிப்ரவரியில் பிரான்சும் இந்தியாவும் சேர்ந்து தலைமை வகித்த பாரிஸ் மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் அளவுமீறிய கட்டுப்பாட்டை மேடையிலேயே சாடினார். கூட்டறிக்கையில் அமெரிக்காவும் கையெழுத்திடவில்லை, பிரிட்டனும் இடவில்லை.

இனி மறுகரையின் திருகு. 2025 ஜனவரியில், பைடன் ஆட்சியின் கடைசி வாரத்தில், செயற்கை நுண்ணறிவை ஓட்டும் உயர்தரக் கணினிச் சில்லுகளின் ஏற்றுமதிக்கு ஒரு விதி வந்தது. உலகை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். தடையின்றி வாங்கக்கூடிய முதல் அடுக்கில் 18 நாடுகளும் பகுதிகளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 உறுப்பினர்களில் 10 பேர் மட்டுமே அதில் இருந்தார்கள். ஜெர்மனி உள்ளே, போலந்து வெளியே. பிரான்ஸ் உள்ளே, போர்ச்சுகல் வெளியே. போலந்து நேட்டோ உறுப்பு நாடு. தன் மண்ணில் அமெரிக்கப் படைக்கு இடம் கொடுத்திருக்கும் நாடு. ஒரே சந்தை என்று முப்பது ஆண்டுகளாகக் கட்டியதை ஒரு ஏற்றுமதி விதி நடுவே பிளந்தது. டிரம்ப் நிர்வாகம் 2025 மே மாதம் அந்த விதியைக் கைவிட்டது. நிம்மதிதான். ஆனால் திருகு எங்கே இருக்கிறது என்பது அந்த நான்கு மாதங்களில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான வணிகக் கூட்டறிக்கையில் ஐரோப்பா 4,000 கோடி டாலருக்குக் குறையாமல் அமெரிக்கச் சில்லுகள் வாங்க எண்ணியிருப்பதாக எழுதிக் கொடுத்தது.

ஐரோப்பாவிடம் பதிலுக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. நெதர்லாந்தின் ஃபெல்டோவன் ஊரில் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்யும், சில்லில் மின்சுற்றுகளை ஒளியால் பதிக்கும் அதிதீவிரப் புறஊதா அச்சு இயந்திரம் இல்லாமல் இன்றைய உயர்தரச் சில்லு எதுவும் பிறக்காது. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் லேசரால் அடித்து, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்கும் இயந்திரம் அது. கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தினுடையவை, லேசர் ட்ரம்ப்ஃப் நிறுவனத்தினுடையது. ஆனால் அந்த ஒளிமூலத்தை உருவாக்குவது கலிபோர்னியாவின் சான் டியாகோவில். அந்த ஒரு பாகம் போதும், வாஷிங்டன் தன் ஏற்றுமதிச் சட்டத்தை ஃபெல்டோவன் வரை நீட்டிவிட. 2023 அக்டோபரில், சற்றுப் பழைய இரண்டு வகை இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்பதற்கும் அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. 2024 செப்டம்பரில் டச்சு அரசு அதே கட்டுப்பாட்டைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டு உரிமம் தரும் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கட்டுப்பாடு மாறவில்லை, கையெழுத்துதான் மாறியது. என் பார்வையில், இந்த உறவைப் புரிந்துகொள்ள இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடையாது.

தரவு விஷயம் இன்னும் பழைய புண். ஐரோப்பியர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒருமுறை, 2020-இல் ஒருமுறை ரத்து செய்தது. மூன்றாவது ஏற்பாடு 2023 ஜூலையில் வந்தது. அது சாய்ந்து நிற்கும் தூண்களில் ஒன்று உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் தனியுரிமை மேற்பார்வை வாரியம். 2025 ஜனவரியில் டிரம்ப் நிர்வாகம் அதன் மூன்று உறுப்பினர்களை நீக்கியதால் முடிவெடுக்கப் போதிய ஆள் இல்லாமல் போயிற்று.

ராணுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியச் சட்டம் ராணுவப் பயன்பாட்டை முழுமையாக ஒதுக்கிவைத்திருக்கிறது. நேட்டோவோ 2025-இல் பலாந்திர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேவன் என்ற, போர்க்களத் தரவை அலசும் செயற்கை நுண்ணறிவு அமைப்பை வாங்கியது.

சட்டம் என்ற திருகுகூட இறுக மாட்டேன் என்கிறது. 'தகுந்த துல்லியம் வேண்டும்' என்று சட்டம் சொல்கிறது. எப்படி அளப்பது என்று சொல்ல வேண்டியவை தொழில்நுட்பத் தர ஆவணங்கள். அவற்றை எழுதும் ஐரோப்பியக் குழு கெடுவைத் தவறவிட்டது. தர ஆவணம் இல்லாமல் ஒரு நிறுவனம் தன் இணக்கத்தை எதைக் காட்டி நிரூபிக்கும்? மனிதரின் உரிமையையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடிய கருவிகளைச் சட்டம் 'உயர் அபாயப் பிரிவு' என்கிறது. 2026 ஆகஸ்டில் தொடங்க வேண்டிய அந்தப் பிரிவுக்கான கடமைகளை 2027 டிசம்பர் வரை தள்ளிவைக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பர் 19 அன்று முன்மொழிந்தது. அமெரிக்க மிரட்டலுக்குப் பணிந்தார்கள் என்று பலர் எழுதினார்கள். மிரட்டலும் இருந்தது. ஆனால் ஜெர்மனியின், பிரான்சின் சொந்தத் தொழிலதிபர்களே அதற்கு முன்பிருந்து தள்ளிவைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த அரங்கில் மென்பொருள் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். மூன்றாம் நாட்டில் இயங்கும் அமைப்பின் வெளியீடு ஐரோப்பாவில் பயன்பட்டாலே சட்டம் பொருந்தும். சென்னையில் உட்கார்ந்து ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு வேலை விண்ணப்பங்களை வடிகட்டும் கருவி உயர் அபாயப் பிரிவில் வரும். பதிவேடுகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு பிரதிநிதியை எழுத்துபூர்வமாக நியமிக்க வேண்டும். அழைப்பு மையத்தில் ஐரோப்பிய ஊழியரின் குரலைக் கேட்டு அவர் மனநிலையைக் கணிக்கும் கருவியை விற்பவர்கள் தள்ளிவைப்பை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிப்பது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடைப் பட்டியலில் இருக்கிறது. அது 2025 பிப்ரவரி 2 முதலே அமலில் உள்ளது.