தவிடும் ஆப்பசோடாவும்: வின்சென்ட் ஓ பிரையனின் குதிரைகள்

நேயர்களுக்கு வணக்கம். ரேஸ் என்று பேச்செடுத்தாலே, அதில் நிலபுலத்தை விட்ட ஒரு பெரியப்பாதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவார். இன்றைக்கு அவரை விட்டுவிடுவோம். ஜாக்கிக்குக் கிடைக்கிற கைதட்டல், விடியற்காலையில் லாயத்தில் நின்று அந்தக் குதிரையைப் பழக்குகிற பயிற்சியாளருக்குக் கிடைப்பதில்லை. அயர்லாந்தில் மட்டும் கதை வேறு. அங்கே வின்சென்ட் ஓ பிரையன் என்ற பயிற்சியாளரின் பெயர் குதிரைகளின் பெயரைவிடப் பெரிது.

1917-ல் கார்க் மாவட்டத்துச் சர்ச்டவுன் கிராமத்தில் பிறந்தவர். குதிரை வைத்திருந்த விவசாயக் குடும்பம். 1943-ல் அப்பா இறந்ததும் சொந்தமாகத் தொழிலைத் தொடங்கினார். மறு வருஷமே, தான் பழக்கிய இரண்டு குதிரைகள் மேல் தானே சில பவுண்டு கட்டினார். ஒன்று ஜெயித்தது, இன்னொன்று முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. கைக்கு வந்தது ஆயிரம் பவுண்டு. ஆக, பந்தயப் பணத்தில் பிழைத்தவர் ஒருவராவது உண்டு என்று பெரியப்பாவிடம் சொல்லலாம்.

முதலில் அவர் இறங்கியது தடை தாண்டும் பந்தயங்களில். காட்டேஜ் ரேக் என்றொரு குதிரை. மூச்சில் கோளாறு இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னதால் விற்பனை தட்டிப்போன குதிரை அது. ஓ பிரையன் அதை விடவில்லை. 1948, 49, 50 என்று மூன்று வருஷமும் செல்டன்ஹாம் கோல்டு கப்பை அதுதான் வாங்கியது. இன்னொன்று ஹாட்டன்ஸ் கிரேஸ். பார்வைக்கு ஒன்றுமில்லாத, சின்ன உருவம். ஒன்பது வயதில் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தை முதல்முறை ஜெயித்து, பதினோரு வயதில் மூன்றாம்முறையும் ஜெயித்தது. கப்பலில் போனால் குதிரை அலுத்துப்போகும் என்று 1949-லேயே இந்தக் குதிரைகளை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்புறம் கிராண்டு நேஷனல். நான்கு மைலுக்கு மேல், முப்பது தடைகள். 1953, 54, 55 மூன்றிலும் ஜெயித்தார், மூன்றும் வேறு வேறு குதிரைகள். இன்றுவரை வேறு எந்தப் பயிற்சியாளரும் இதைச் செய்யவில்லை.

இதற்கிடையே 1951-ல் டிப்பரேரி மாவட்டத்தில் பாலிடாயில் என்ற பண்ணையை வாங்கியிருந்தார். பத்தாண்டு முடிவதற்குள் தடை தாண்டும் பந்தயத்தை அடியோடு விட்டுவிட்டு, சமதளப் பந்தயத்துக்கு மாறிவிட்டார். நன்றாக ஓடுகிற கடையை மூடிவிட்டு எதிர்த்தெருவில் வேறு வியாபாரம் தொடங்குகிற துணிச்சல் அது.

1960-ல் பெரிய அடி விழுந்தது. ஷாமூர் என்ற அவருடைய குதிரையின் பரிசோதனையில் மருந்தின் சுவடு தெரிந்ததாகச் சொல்லி அவருடைய உரிமத்தைப் பறித்தார்கள். தண்டனை பதினெட்டு மாதம். சொந்தப் பண்ணையில் அவர் தங்கவே கூடாது. தம்பி ஃபோன்ஸி பொறுப்பை ஏற்றார். அதே ஷாமூர் சில வாரங்களில் ஐரிஷ் டெர்பியை ஜெயித்தபோது, வின்சென்ட் எங்கே, அவரைக் கூப்பிடுங்கள் என்று கூட்டம் குரல் எழுப்பியது. பின்னால் தண்டனைக் காலத்தைக் குறைத்தார்கள். அவர் அவதூறு வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது.

எட்டு வருஷம் கழித்து வந்தது நிஜின்ஸ்கி என்ற குதிரை. கனடாவில் வேறு ஒரு குட்டியைப் பார்த்து வரச் சொல்லி முதலாளி சார்லஸ் எங்கெல்ஹார்டு அனுப்ப, ஓ பிரையன் போன இடத்தில் இதைப் பிடித்துப்போய் இதையே வாங்கச் சொன்னார். அப்பன் நார்தர்ன் டான்சர். விலை 84,000 கனடா டாலர். அயர்லாந்துக்கு வந்த குட்டி ஓட்ஸைத் தொடவே மாட்டேன் என்றது. அது கனடாவில் அழுத்தித் தயாரித்த தீவன வில்லை தின்று வளர்ந்தது. அந்தத் தீவனத்தை அங்கிருந்தே வரவழைத்தார்கள். மூட்டை வந்து சேர்ந்தபோது ஐயா ஓட்ஸ் தின்ன ஆரம்பித்திருந்தார்! குணமும் லேசுப்பட்டதல்ல. லாயத்தை விட்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும், பின்னங்காலில் எழுந்து நிற்கும். அடிக்காமல், அவசரப்படுத்தாமல், ஆள் பார்த்து ஏற்றித்தான் அதைப் பழக்கினார்கள்.

1970-ல் இங்கிலாந்தின் பெரிய பந்தயமான டெர்பிக்கு முதல் நாள் நிஜின்ஸ்கிக்கு வயிற்றுவலி. ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகியிருக்கும். ஆனால் பந்தயம் மறுநாள். பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் என்ன ஆகும் என்று ஓ பிரையனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தவிட்டில் ஆப்பசோடாவைக் கலந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவுதான் வைத்தியம். மறுநாள் ஜாக்கி லெஸ்டர் பிகட் ஏறி, டெர்பி கைக்கு வந்தது. ஏற்கெனவே 2000 கினீஸ் என்ற பந்தயம் கைக்கு வந்திருந்தது, செப்டம்பரில் செயின்ட் லெஜர் பந்தயமும் வந்தது. மூன்றும் சேர்ந்தால் மும்முடி. 1935-க்குப் பிறகு அதை எடுத்த முதல் குதிரை இதுதான்.

நார்தர்ன் டான்சரின் வம்சத்தில் என்ன இருக்கிறது என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. பணக்காரக் குதிரை முதலாளி ராபர்ட் சாங்ஸ்டரின் பணம், மருமகன் ஜான் மேக்னியரின் வியாபார மூளை, இவருடைய கண். மூவரும் அமெரிக்காவில் கென்டக்கி ஏலத்துக்குப் போய், முதுகில் சேணமே ஏறாத குட்டிகளை வாங்கினார்கள். குட்டியின் முகத்தையே ஓ பிரையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். 2,00,000 டாலருக்கு வாங்கிய தி மின்ஸ்ட்ரல், செம்பழுப்பு உடம்பு, நான்கு காலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை. நம் ஊரில் பஞ்சகல்யாணி என்று பொட்டு வைத்து வரவேற்றிருப்பார்கள். இங்கிலாந்துக்காரர்களின் பழைய நம்பிக்கையில் நாலு வெள்ளைக்கால் ஆகாது. 1977 டெர்பியில் கூட்டத்தின் இரைச்சலுக்கு அது மிரளுமே என்று காதில் பஞ்சை அடைத்து அழைத்துப்போனார்கள், புறப்படும் இடத்தில் பஞ்சை எடுத்தார்கள். அது ஜெயித்தது. அப்புறம் இனவிருத்திக்காக அதற்கு வைத்த மதிப்பு 90 லட்சம் டாலர்.

இதைப் பார்த்து மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அரபு ஷேக்குகளும் ஏலத்துக்கு வந்தார்கள், விலை வானத்துக்கு ஏறியது. 1985-ல் சியாட்டில் டான்சர் என்ற குட்டிக்கு ஓ பிரையன் தரப்பு கொடுத்தது 1 கோடியே 31 லட்சம் டாலர். சுமாராக ஓடியது, பெரிய பந்தயம் எதையும் ஜெயிக்கவில்லை. என்னைக் கேட்டால், அவருடைய கண் கெட்டுவிடவில்லை. மற்றவர்கள் கண்ணில் படாததைப் பார்ப்பதுதான் அவர் பலமாக இருந்தது. எல்லோரும் அதே குட்டியைப் பார்க்கத் தொடங்கியபின் பலம் பணத்துக்குப் போய்விட்டது.

அதற்கு முந்தைய வருஷம்தான் அவருடைய எல் கிரான் செனோர் டெர்பியில் நூலிழையில் தோற்றது. ஜெயித்த சீக்ரெட்டோவைப் பழக்கியவர் அவருடைய சொந்த மகன் டேவிட். அப்பாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆறு டெர்பிகள் எடுத்து, 1994-ல் ஓய்வு பெற்றார். 2009-ல் 92-வது வயதில் காலமானார். பாலிடாயிலுக்கு அடுத்து வந்தவர் ஏடன் ஓ பிரையன். பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. ஆறு டெர்பி என்ற கணக்கை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். மும்முடிக்கும் ஒருமுறை கிட்டே போனார். 2012-ல் அவருடைய கேமலாட் முதல் இரண்டு பந்தயங்களையும் ஜெயித்துவிட்டு, செயின்ட் லெஜரில் ஒரு குதிரை நீளம்கூட இல்லாத வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. அதனால் நிஜின்ஸ்கிக்குப் பிறகு மும்முடி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை. வணக்கம்.