இன்று ராத்திரி என்ன படம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வேலையெல்லாம் முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. ரிமோட் ஒருவர் கையில். போஸ்டர்கள் வரிசையாக நகர்கின்றன. இது பார்த்தாச்சு, அது அழுமூஞ்சிப் படம், இன்னொன்று நல்லா இல்லையாம். இப்படியே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். ஒருவழியாக ஒன்றைப் போடும்போது பாதிப் பேருக்குக் கண் சொருகியிருக்கும். இது நடக்காத வீடு குறைவு.

அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தை முடிவு செய்துவிட்டு உட்காருங்கள். காலையிலேயே முடிவாகட்டும், முந்தின நாளே என்றால் இன்னும் நல்லது. முடிவு செய்வது ஒரே ஆளாக இருக்கட்டும். இந்த வாரம் அக்கா, அடுத்த வாரம் தம்பி, அதற்கடுத்து தாத்தா. மற்றவர்களுக்கு 'இது வேண்டாம்' என்று ஒரே ஒரு தடவை சொல்ல உரிமை உண்டு. எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போட்டால், யாருக்கும் ஆட்சேபணை இல்லாத, ஆனால் யாரும் ஆசைப்படாத படம்தான் ஜெயிக்கும். ஒருவர் மனதார ஆசைப்பட்ட படத்தை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பது தனி அனுபவம்.

சரி, அந்த ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பது? 'எது நல்ல படம்' என்று தொடங்கினால் முடிவே வராது. நல்ல படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 'இன்றைக்கு யார் யார் உட்காரப் போகிறோம்' என்று தொடங்குங்கள். அதிலும், உட்கார வைக்க மிகவும் கஷ்டமான ஆள் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். என் பெரியம்மா, அவருக்குக் காது சரியாகக் கேட்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் ஒரு பையன். தமிழே தெரியாத ஒரு சிநேகிதி. எல்லாப் படமும் பார்த்து முடித்துவிட்ட ஒரு கல்லூரிப் பெண். இவர்களுக்கு ஒரே படம் வேண்டும். நான் போட்டது சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்'. 1931-இல் வந்தது. அதற்குள் பேசும் படம் வந்து எல்லா இடத்தையும் பிடித்துவிட்டது. சாப்ளின் மட்டும் பிடிவாதமாக வசனம் இல்லாமல் எடுத்தார், இசையையும் அவரே அமைத்தார்.

அதில் பூ விற்கிற பெண்ணுக்குக் கண் தெரியாது. தெருவில் அலைகிற அந்த ஏழை, நெரிசலைக் கடக்க ஒரு கார் வழியாகப் புகுந்து இந்தப் பக்கம் இறங்குகிறான். காரின் கதவுச் சத்தத்தை வைத்து, இவன் பெரிய பணக்காரன் என்று அவள் நினைத்துவிடுகிறாள். பேச்சே இல்லாமல் இதை எப்படிப் புரியவைப்பது? சாப்ளின் அந்தக் காட்சியை 300 தடவைக்கும் மேல் திரும்பத் திரும்ப எடுத்ததாகப் பதிவு இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை முதலில் பிடித்துக்கொண்டது யார் தெரியுமா? பெரியம்மா! "டேய், அவளுக்குக் கண்ணு தெரியாதுடா, இவனைக் கார்க்காரன்னு நினைச்சுக்கிட்டா" என்று பையனுக்குச் சொன்னார். மற்ற நாட்களில் 'என்ன சொல்றான், என்ன சொல்றான்' என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிடுகிறவர் அவர். அன்றைக்குப் படம் முழுக்க அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். குத்துச்சண்டைக் காட்சியில் பையன் தரையில் உருண்டான். இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைச் சிநேகிதி படிக்க, கல்லூரிப் பெண் தமிழில் சொன்னாள். முடிவு என்ன என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் படம் முடிந்ததும், 'இனி அந்தப் பெண் அவனை ஏற்றுக்கொள்வாளா' என்று பெரியம்மாவும் கல்லூரிப் பெண்ணும் நெடுநேரம் வாதாடினார்கள்.

எனக்கு முக்கியம் இந்த வாதாட்டம்தான். சேர்ந்து படம் பார்ப்பதில் பாதி, படம் முடிந்த பிறகுதான் இருக்கிறது. ஆகவே பேச நேரம் மிச்சம் வைத்துப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கதைச் சுருக்கம் படிப்பதற்கு முன்னால் படம் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 'சிட்டி லைட்ஸ்' ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' 88 நிமிடம். அதே குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 207 நிமிடம். அது விடுமுறை நாள் மத்தியானத்துக்கான படம். நடுவில் இடைவேளையும் அவரே வைத்திருக்கிறார், அங்கே நிறுத்தி எழுந்து வரலாம். ராத்திரி பத்து மணிக்கு அதைத் தொடங்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பேச நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

இளையவர்கள் 'கருப்பு வெள்ளையா' என்று முகம் சுளிப்பார்கள். அவர்களோடு வாதம் வேண்டாம், பத்து நிமிடம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. பாட்டே கிடையாது. கொன்றது யார் என்று தெரியாமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

வீட்டிலா, தியேட்டரிலா என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரம் காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். முகங்களை நம்பி எடுத்த படம் வீட்டுக்குப் போதும். 1957-இல் சிட்னி லுமெட் எடுத்த '12 ஆங்க்ரி மென்' கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறையில் நடக்கிறது. போகப் போக லென்ஸை மாற்றி, கேமராவைத் தாழ்த்தி, அந்த அறை நெருக்குவது போலச் செய்திருப்பார். சின்னத் திரையிலும் அந்தப் புழுக்கம் தெரியும். வெட்டவெளியை நம்பி எடுத்த படத்துக்குத் தியேட்டர் வேண்டும். 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் கானலுக்குள்ளிருந்து ஒரு புள்ளி மெல்ல மெல்ல மனிதனாகி வரும். டிவியில் அந்தப் புள்ளியே தெரியாமல் போகலாம். அப்படிப்பட்ட பழைய படம் பெரிய திரைக்குத் திரும்ப வந்தால், அந்த வாரம் புதுப்படத்தை விட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இன்னும் ஒன்றே ஒன்று. பெரும்பாலான சினிமா நொடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. புது டிவிகள் பல, நடுவில் தாமே சட்டகங்களைச் சேர்த்துப் படத்தை வழுவழுப்பாக்கிவிடுகின்றன. சினிமா, நாடகத் தொடர் போல ஆகிவிடும். டிவி அமைப்புகளில் மோஷன் ஸ்மூத்திங் போன்ற பெயரில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். சில டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்றே ஒன்று உண்டு, அதைப் போட்டாலும் சரியாகிவிடும். சப்டைட்டிலைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.