பாஸ் எங்கே போனது?

நண்பர்களே, வணக்கம். நல்ல ஒலியைத் தேடி ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் முப்பது வருஷமாக மாற்றிக்கொண்டே வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இன்று நான் பேச வந்தது கருவிகளைப் பற்றி அல்ல, நம் ரசனை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதைப் பற்றி.

தொடக்கத்தில் எல்லோரும் தேடுவது துல்லியம். பாடகர் வாய் திறக்கும் முன் இழுக்கிற மூச்சு கேட்க வேண்டும், வயலின் வில் திரும்புகிற இடம் தெரிய வேண்டும், பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, நெஞ்சில் இடிக்க வேண்டும். அந்த வயதில் நான் பாட்டைக் கேட்டதைவிட அதற்குள் இருந்த சத்தங்களை எண்ணியதுதான் அதிகம். அதில் தப்பில்லை, காது பழகுவதே அப்படித்தான். சில வருஷம் போனதும் அதே ஸ்பீக்கர் அரை மணியில் அலுக்கிறது. கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர் பக்கம் போகிறோம். 1982-ல் சி.டி. வந்ததும் எல்.பி. இசைத்தட்டை ஒதுக்கியவர்களில் சிலர், பிறகு அதையே தேடி அலைந்தார்கள். ஒவ்வொரு முறையும் காரணத்தைக் கருவியில்தான் தேடுகிறோம்.

இளவயதில் வாங்கிய ஸ்பீக்கரைப் பல வருஷம் கழித்து வெளியே எடுத்தேன். பாஸே இல்லை. ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பைத் தொட்டுப் பார்த்தேன், வயர்களைக் கழற்றி மாட்டினேன். பழுது எதுவும் இல்லை. பிறகுதான் உறைத்தது: அன்று தனியாக இருந்தேன், சத்தமாகக் கேட்டேன். இன்று பக்கத்து அறையில் ஆள் தூங்க வேண்டும் என்று குறைத்து வைக்கிறேன். ஒலி குறையக் குறைய, நடுப்பகுதியைவிட அடிப்பகுதிதான் காதுக்கு வேகமாக மங்கும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் இதை அளந்து 1933-லேயே வெளியிட்டார்கள். வால்யூமைக் கூட்டினேன், பாஸ் திரும்பி வந்தது. பழைய ஸ்பீக்கரே போதும் என்றாகியிருக்கும் எத்தனை பேர், இது தெரியாமல் புதியது வாங்கியிருப்பார்கள்!

ட்ரெபிள், அதாவது உயர்ந்த சுருதி ஒலி, அதன் கதை வேறு. அது வால்யூமுக்குத் திரும்பாது. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. மேல் அதிர்வெண்களைப் பிடிப்பவைதான் பெரும்பாலும் முதலில் போகின்றன. போனவை மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. வயதானவருக்கு ட்ரெபிள் குறைகிறது, சரி. அப்படியானால் அவரே ஏன் "குத்துகிறது, குறை" என்கிறார்? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் உறுத்தியது. அணுக்கள் குறைந்த காதில் மெல்லிய சத்தம் விழாது, ஆனால் பெரிய சத்தம் பழையபடி பெரிதாகவே விழும். இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. கொஞ்சம் கூட்டினாலே சட்டென்று உறைக்கிறது. மென்மையான ஒலியை அவர் நாடுவதற்கு மனப்பக்குவம் மட்டுமே காரணம் இல்லை.

அதனால் இளைஞர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம்; வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். ஹெட்போனில் இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலி அளவையும் சமமாக்குங்கள். துளி சத்தம் கூடியிருந்தால்கூட, அதுவே நல்ல கருவி என்று காது சொல்லிவிடும்.

போன மாதம் என் மகளை அருகில் உட்காரவைத்து ஒரு பழைய ரெக்கார்டைப் போட்டேன். சிம்பல் என்கிற உலோகத் தட்டின் ஒலி அடங்கும்வரை கையை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்று பேச்சு. ஒலி முடிந்தது, நான் கையை இறக்கினேன். அவள் கை இறங்கவில்லை. "இன்னும் கேக்குதுப்பா" என்றாள். அவள் கை இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.